"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற பிறகு செய்ய வேண்டியவை

நோய்த்தணிப்பு மருத்துவப் பிரிவிலிருந்து

முற்றிய புற்றுநோயோ, மிகவும் பலவீனமடைந்த இதயமோ, டயாலிசிஸையும் தாங்க இயலாத சிறுநீரக நோயோ உள்ள ஒருவரின் குடும்பத்தார் ஏதேனும் ஒரு நாளில் இந்த வாக்கியத்தைக் கேட்க நேர்கிறது: "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்." நோயை அகற்றும் மருந்து இனி இல்லை என்பது சொல்பவரின் கருத்து. நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பம் விளங்கிக்கொள்கிறது. அதன்பின் வரும் இரவுகளில் வலி மிகுந்தால் யாரை அழைப்பது, சாப்பிட மறுத்தால் என்ன செய்வது, மூச்சு திணறினால் மீண்டும் மருத்துவமனைக்கு ஓடுவதா என்ற கேள்விகளோடு அவர்கள் தனியே விடப்படுகின்றனர்.

நோயைக் குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியைக் குறைக்கலாம், மூச்சுத்திணறலைத் தணிக்கலாம், புண்ணை ஆற்றலாம் அல்லது நாற்றமின்றி வைக்கலாம், அச்சத்தைப் போக்கலாம், குடும்பத்துக்குத் துணை நிற்கலாம். இவற்றையே கடமையாகக் கொண்ட மருத்துவத் துறை நோய்த்தணிப்புச் சிகிச்சை. ஆங்கிலச் சொல்லை அப்படியே ஏற்று 'பேலியேட்டிவ் கேர்' என்றும் வழங்குகிறோம். அதன் ஒரு பகுதியாக, வாழ்நாளின் கடைசி மாதங்களிலும் வாரங்களிலும் தரப்படும் கவனிப்பை 'ஹாஸ்பிஸ்' என்பர்.

சத்திரமும் சிகிச்சையும்

ஹாஸ்பிஸ் என்ற சொல்லின் பழம்பொருள் வழிப்போக்கர்களும் யாத்திரிகர்களும் தங்கி இளைப்பாறும் இடம் என்பதாகும். நம் ஊர்ச் சத்திரத்தை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கிவிடும். இக்காலத்து ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய அவர், மரணத் தறுவாயில் இருப்போரின் வலியை மருத்துவர்கள் பொருட்படுத்துவதில்லை என்று கண்டு, தாமே மருத்துவம் படித்து 1957-இல் மருத்துவரானார். 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை நிறுவினார். உடல்வலி, மனத்துயரம், குடும்ப மற்றும் பணக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி?' என்னும் ஆன்மிகக் கேள்வி ஆகிய நான்கும் பிரிக்க இயலாதபடி பின்னிக்கிடப்பதை அவர் 'முழுமையான வலி' என்று அழைத்தார். ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் ஆற்ற இயலாது என்பதே அவரது அனுபவம்.

இந்தியாவில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா ஆசிரமம் முதல் ஹாஸ்பிஸாகத் தொடங்கப்பட்டது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் உள்ளிட்டோர் தொடங்கிய அமைப்பு, ஊர்மக்களையே தொண்டர்களாகப் பயிற்றுவித்து வீட்டிலேயே நோயாளிகளைக் கவனிக்கும் வழியைக் காட்டியது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மருந்துகளோடு வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வரும் சேவையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே உங்கள் வீடு நம் மருத்துவமனையிலிருந்து தொலைவில் இருந்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சேவையைக் கேட்டுப் பெறலாம்.

எப்போது நாட வேண்டும்?

"கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலரும் தள்ளிப்போடுகின்றனர். நோய்த்தணிப்புப் பிரிவுக்கு அனுப்பினால் மற்ற சிகிச்சைகள் நின்றுவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். உண்மையில் கீமோதெரபியோ கதிர்வீச்சோ நடந்துகொண்டிருக்கும்போதே இச்சிகிச்சையும் தொடங்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. பரவிய நிலையில் இருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும் தரப்பட்டது; மறு பிரிவினருக்குத் தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துத் தரப்பட்டது. இரண்டாம் பிரிவினரின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளுக்கு அவர்களில் குறைவானவர்களே உட்பட்டனர். அவர்களது இடைநிலை வாழ்நாளோ 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. வலி தணிந்தவர் உண்கிறார், உறங்குகிறார், நடமாடுகிறார் என்பதை மனத்தில் கொண்டால் இம்முடிவு வியப்பளிக்காது.

புற்றுநோய்க்கு மட்டுமே இச்சிகிச்சை என்பதும் தவறான எண்ணம். இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரக மற்றும் கல்லீரல் செயலிழப்பு, மறதி நோய், பக்கவாதத்துக்குப் பின் படுத்த படுக்கையான நிலை ஆகிய அனைத்துக்கும் இது உரியது. சில மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர நேர்வது, காரணமின்றி எடை குறைந்துகொண்டே வருவது, பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே கழிவது, குளிக்கவும் கழிவறை செல்லவும் பிறர் துணை தேவைப்படுவது ஆகியவை தென்பட்டால், அடுத்த முறை வரும்போது உங்கள் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

வலியும் மார்பினும்

முற்றிய புற்றுநோய் உள்ளவர்களில் பலருக்கு வலி உண்டாகிறது. அதைப் பெரும்பாலும் வாய்வழி மாத்திரைகளாலேயே கட்டுப்படுத்த இயலும். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட 'வலிநிவாரணப் படிக்கட்டு' முறை இன்றும் அடிப்படையாக உள்ளது. இலேசான வலிக்குப் பாரசிட்டமால் போன்றவை. நடுத்தர வலிக்குக் கோடீன், டிரமடால் போன்றவை. கடும் வலிக்கு மார்பின்.

மார்பின் என்ற பெயரைக் கேட்டதும் குடும்பத்தார் முகம் மாறுவதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். அவர்கள் எழுப்பும் ஐயங்களையும் விடைகளையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

"பழக்கத்துக்கு அடிமையாகிவிட மாட்டாரா?" வலிக்காக, மருத்துவர் குறித்த அளவில் எடுத்துக்கொள்ளும் புற்றுநோயாளிகள் போதைக்கு அடிமையாவது அரிது. சில வாரங்கள் எடுத்தபின் திடீரென்று நிறுத்தினால் உடலில் சில தொல்லைகள் தோன்றும் என்பது உண்மை. அது அடிமைத்தனம் ஆகாது. கதிர்வீச்சு முதலிய சிகிச்சையால் வலி குறைந்தவர்களுக்கு நாங்களே அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுகிறோம்.

"மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாராமே?" உரிய அளவில் தொடங்கி, தேவைக்கேற்ப ஏற்றப்படும் மார்பின் உயிரைக் குறைப்பதில்லை. கடைசி நாட்களில் மட்டுமே அதைத் தொடங்குவதால் மருந்துக்குப் பின் மரணம் என்ற வரிசை தோன்றிவிடுகிறது. மரணத்துக்குக் காரணம் நோயே. மார்பின் உண்டுகொண்டே பல மாதங்கள் கடைக்கும் கோயிலுக்கும் சென்றுவருவோர் உண்டு.

"இப்போதே கொடுத்துவிட்டால் பின்னால் வலி கூடும்போது எதைக் கொடுப்பது?" மார்பினுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. வலி கூடினால் அளவையும் கூட்டலாம். ஆகவே அதைச் சேமித்து வைக்க வேண்டிய தேவையில்லை.

கொடுக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. சாதாரண மார்பின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ 4 மணி நேரமே நிற்கும். எனவே வலி வந்தபின் கொடுப்பதை விட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி எழுந்தால் தர வேண்டிய கூடுதல் அளவையும் மருத்துவர் எழுதித் தருவார். கொடுத்த நேரத்தையும் வலியின் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வலியே இல்லை என்பதற்கு 0, தாங்கவே முடியாத வலிக்கு 10 என்று நோயாளியையே மதிப்பிடச் சொல்லலாம். பேச இயலாதவர்களிடம் புருவம் சுருங்குதல், முனகல், ஓரிடத்தைத் தொட்டதும் உடலை இறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பாருங்கள்.

முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். பெரும்பாலோருக்கு இவை தாமே அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் மார்பின் எடுக்கும் காலம் முழுதும் தொடரும். ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி மருந்தும் சேர்த்துத் தருகிறோம்; அதை விட்டுவிடக் கூடாது. எழுப்பியும் எழாத அளவுக்கு மயக்கம், மூச்சு மிகவும் மெதுவாதல், குழப்பமான பேச்சு, கைகால் வெட்டி வெட்டி இழுத்தல் ஆகியவை தோன்றினால் உடனே எங்களை அழையுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மார்பின் உடலில் தேங்கும். அவர்களுக்கு அளவையோ மருந்தையோ மாற்றுவோம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை ஒருபோதும் பொடிக்கக் கூடாது.

மார்பின் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. அச்சட்டத்தின் கெடுபிடிகளால் நெடுங்காலம் நோயாளிகளுக்கு அது கிடைப்பது அரிதாக இருந்தது. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கி வழங்குவதை எளிதாக்கியது. எல்லா மருந்துக் கடைகளிலும் அது கிடைக்காது என்பதால், மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வந்து பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் பூட்டி வையுங்கள். வேறு யாருடைய வலிக்கும் கொடுக்காதீர்கள். மீந்தவற்றை எங்களிடம் திருப்பித் தந்துவிடுங்கள்.

மூச்சுத்திணறல்

வலியைவிட அதிக அச்சம் தருவது மூச்சுத்திணறல். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் ஒரு தலையணையின் மீது கைகளை ஊன்றிச் சாய்ந்துகொள்ளச் செய்யுங்கள். சன்னலைத் திறந்துவிடுங்கள். சிறிய மின்விசிறியின் காற்று முகத்தில் படுமாறு வையுங்கள்; முகத்தில் படும் குளிர்காற்று திணறல் உணர்வைக் குறைக்கிறது. அறையில் கூட்டத்தைக் குறைத்து, ஒருவர் மட்டும் கையைப் பற்றிக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையாதவர்களுக்குச் சிலிண்டர் வைப்பதால் பெரும் பயன் இல்லை. மிகக் குறைந்த அளவு மார்பின் இத்திணறலையும் தணிக்கும்.

உணவு குறித்த மனப்போராட்டம்

"சாப்பிட்டால்தானே தெம்பு வரும்? பட்டினி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்காத குடும்பம் இல்லை. ஊட்டுவதே அன்பு என்று வளர்ந்த நமக்கு, ஒருவர் வாயை மூடிக்கொள்வதைக் காண்பது பெரும் வேதனை. ஆனால் நோய் முற்றும்போது உடல் உணவைப் பயன்படுத்தும் திறனை இழக்கிறது. பசியும் தாகமும் குறைகின்றன. உண்ணாததால் அவர் சாகப்போவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், உடல் அடங்கி வருவதால் உண்ணாமல் இருக்கிறார். வற்புறுத்தி ஊட்டினால் வாந்தி வரலாம். உணவு மூச்சுக்குழாயில் புகுந்து நிமோனியா உண்டாகலாம்.

எனவே அவர் கேட்டதை, கேட்ட நேரத்தில், கேட்ட அளவில் கொடுங்கள். இரண்டு தேக்கரண்டி ரசம் சாதமோ, ஒரு வாய் இளநீரோ, நாக்கில் வைத்த ஒரு துளி தேனோ போதும். சர்க்கரை நோய்ப் பத்தியத்தை இந்நிலையில் தளர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; பெரும்பாலும் தளர்த்தச் சொல்வோம். உணவு தரும்போது தலைப்பகுதி உயர்ந்திருக்க வேண்டும்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள், டாக்டர்" என்ற வேண்டுகோளும் வருவதுண்டு. கடைசி நாட்களில் நரம்பு வழி ஏற்றும் நீர் உடலில் தங்கிக் கைகால் வீக்கத்தையும் நுரையீரலில் நீரையும் தொண்டையில் சளியையும் கூட்டலாம். இந்நிலையில் நோயாளியைத் துன்புறுத்துவது பெரும்பாலும் வாய் உலர்வே. சுத்தமான ஈரத்துணியால் வாயையும் நாக்கையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துடையுங்கள். உதட்டில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள்.

நம் வழக்கப்படி கடைசியில் உற்றார் வாயில் பால் ஊற்றுவதும், கங்கை நீர், ஜம்ஜம் நீர், தீர்த்தம் தருவதும் உண்டு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. விழுங்கும் திறன் போனபின் சங்கில் ஊற்றாமல், விரல் நனைத்து உதட்டிலும் நாக்கிலும் ஒரு துளி தடவினாலே சடங்கு நிறைவேறும், மூச்சும் அடைபடாது.

படுக்கைப்புண்

தாமே புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். நீர்ப்படுக்கை, காற்றுப்படுக்கை இருந்தாலும் இது தேவை. இடுப்பின் பின்புறம், குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களை நாள்தோறும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். படுக்கை விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புற்றுப்புண்ணில் நாற்றம் இருந்தால் அதற்கும் மருந்து உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் எளிய முறையை எங்கள் செவிலியர் கற்றுத் தருவர். நாற்றத்துக்கு அஞ்சிப் பேரக்குழந்தைகள் அறைக்குள் வராமல் போவது நோயாளிக்குப் புண்ணைவிடப் பெரிய துன்பம் என்பதால், இதைச் சொல்லக் கூசாதீர்கள்.

உண்மையைச் சொல்வதா, மறைப்பதா?

"அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்" என்று மகனும் மகளும் மருத்துவர் அறைக்குள் தனியே வந்து கேட்பது வழக்கம். அன்பினால் எழுந்த வேண்டுகோள் இது. இதற்காக யாரையும் கடிந்துகொள்ள இயலாது. ஆயினும் பெரும்பாலான நோயாளிகள் தம் உடல் சொல்வதைக் கொண்டே நிலைமையை அறிந்துவிடுகின்றனர். வீட்டார் வருந்துவர் என்று அவரும், அவர் வருந்துவார் என்று வீட்டாரும் நடிக்கும் நிலையில், இருவரும் ஒரே வீட்டில் தனிமைப்படுகின்றனர்.

எங்கள் சிகிச்சையில் இருந்த ஒரு பெரியவரின் பிள்ளைகள் அவருக்கு வயிற்றுப்புண் என்றே சொல்லிவைத்திருந்தனர். "உங்கள் நோயைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டபோது அவர், "எனக்குத் தெரியும் டாக்டர். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார்கள், சொல்லிவிடாதீர்கள்" என்றார். இரு தரப்பையும் ஒன்றாக அமரவைத்துப் பேசிய மறுநாளே அவர் தம் பழைய கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று மனைவிக்கு விளக்கினார். நிலத்தகராறில் பல ஆண்டுகளாகப் பேச்சில்லாதிருந்த தம்பியை அழைத்துவரச் சொன்னார். தம்பி வந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை; ஆனால் அதன்பின் நாள்தோறும் மாலையில் தம்பி வந்து அண்ணன் கட்டிலருகே அமர்ந்திருந்தார். பெரியவருக்கு வேண்டியிருந்த தூக்க மாத்திரையின் அளவு குறைந்தது.

உண்மையைச் சொல்வது என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவது என்று பொருளன்று. அவருக்கு எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்கிறோம். அறிய விரும்பாதவரிடம் திணிப்பதில்லை. கேட்பவரிடம் பொய் சொல்வதில்லை. "இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு நாள்கணக்கு சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது, மாதங்களா, வாரங்களா, நாட்களா என்ற அளவில் மட்டுமே எங்கள் மதிப்பீட்டைச் சொல்கிறோம். உயில், வங்கிக் கணக்கின் வாரிசு நியமனம், ஓய்வூதியத் தாள்கள், பார்க்க விரும்பும் உறவினர், செல்ல விரும்பும் கோயில் அல்லது ஊர் ஆகியவற்றைப் பேச அந்த மதிப்பீடு பயன்படும்.

தீவிர சிகிச்சையும் சட்டமும்

நோய் முற்றியவருக்கு மூச்சு நிற்கும் தறுவாயில் வென்டிலேட்டர் பொருத்துவது பெரும்பாலும் மரணத்தைத் தடுப்பதில்லை, அதை நீட்டிக்கிறது. மார்பை அழுத்தி இதயத்தை மீட்கும் முயற்சியும் அவ்வாறே. உறவினர் கண்ணாடிக்கு வெளியே நிற்க, நோயாளி குழாய்களுக்கு நடுவே தனியே இறக்க நேர்கிறது. இதனை வேண்டாம் என்று தீர்மானிப்பது நோயாளியைக் கொல்வதாகாது. வலிநிவாரணமும் கவனிப்பும் கடைசி மூச்சு வரை தொடரும்.

2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்துடன் இறக்கும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. வயது வந்து தெளிந்த மனநிலையில் உள்ள எவரும், பிற்காலத்தில் தம்மால் முடிவு சொல்ல இயலாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2023 ஜனவரியில் இதன் நடைமுறையை நீதிமன்றம் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். தம் சார்பில் முடிவெடுக்க வேண்டியவரின் பெயரையும் அதில் குறிப்பிடலாம். உயிர்காக்கும் கருவிகளை விலக்கும்போது இரண்டு நிலைகளில் மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். இத்தகைய ஆவணம் இல்லாத நோயாளிகளுக்கும் நெருங்கிய உறவினரின் இசைவோடு இதற்கு வழி உண்டு. மருந்து செலுத்தி உயிரைப் போக்கும் கருணைக்கொலை நம் நாட்டில் சட்டவிரோதமானது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கடைசி நாட்களின் அடையாளங்கள்

எதிர்பார்க்க வேண்டியது இன்னதென்று அறிந்த குடும்பம் அமைதியாக இருக்க முடிகிறது. ஆகவே இவற்றை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

நாளின் பெரும்பகுதி உறக்கத்தில் கழியும். கைகால் குளிர்ந்து, தோலில் திட்டுத்திட்டாக நீலம் படரும். சிறுநீர் குறையும். சிலர் மறைந்த தாய் தந்தையரைக் கண்டதாகப் பேசுவர். அது அவருக்கு அச்சம் தராதவரை மறுத்துப் பேச வேண்டாம். மூச்சு வேகமாகி, பிறகு மெதுவாகி, சில நொடிகள் நின்று, மீண்டும் தொடங்கும். தொண்டையில் தேங்கிய நீரால் 'கரகர' ஓசை எழலாம். கேட்பவருக்கு இவ்வோசை துன்பமாக இருக்கும். நினைவு மங்கியுள்ள நோயாளி இதனால் துன்புறுவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஓசை குறையும். தேவையானால் ஊசிமருந்து உண்டு. ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்ச முயல வேண்டாம். அமைதியின்றிக் கைகால்களை உதறினால், சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, வலி உள்ளதா என்று பார்க்க வேண்டும், எங்களை அழையுங்கள்.

கேட்கும் திறன் கடைசிவரை எஞ்சியிருக்கலாம். ஆகவே அவர் காதுபடச் சொத்துப் பேச்சோ இறுதிச்சடங்கு ஏற்பாடோ வேண்டாம். பெயர் சொல்லிப் பேசுங்கள். அவர் விரும்பிய தேவாரமோ, திருக்குர்ஆன் ஓதலோ, ஜெபமோ, பழைய திரைப்பாட்டோ மெல்லிய ஒலியில் கேட்கட்டும்.

மூச்சு நின்றபின் அவசரப்பட ஒன்றுமில்லை. எதிர்பார்த்த மரணம் என்பதால் உடலை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய தேவை இல்லை. கவனித்துவந்த மருத்துவரை அழையுங்கள். வீட்டில் நிகழும் இறப்புக்கு அவர் காரணம் குறித்து 4-ஏ படிவத்தில் சான்றளிப்பார். 21 நாட்களுக்குள் உள்ளாட்சிப் பிறப்பு–இறப்புப் பதிவாளரிடம் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு வேண்டிய ஆதார் அட்டை, சிகிச்சைத் தாள்கள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு உறையில் எடுத்து வையுங்கள்.

கவனிப்பவரையும் கவனிக்க வேண்டும்

நம் குடும்பங்களில் இப்பொறுப்பு பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோர் தோளிலேயே விழுகிறது. வெளியூரிலிருந்து வரும் உறவினர் அரை மணி நேரம் அமர்ந்து குறை சொல்லிச் செல்வதும் உண்டு. அவ்வாறு வருவோரிடம் வேலையைக் கேட்டு வாங்குங்கள்: ஓரிரவு கண்விழித்தல், மருந்து வாங்கி வருதல், ஒருவேளைச் சமையல், குழந்தையைப் பள்ளியில் விடுதல். கவனிப்பவர் வாரத்தில் இரண்டு இரவாவது முழுமையாக உறங்க வேண்டும். சினமும் சலிப்பும், 'இது சீக்கிரம் முடிந்தால் தேவலை' என்ற எண்ணமும் தோன்றுவது இயல்பு. அவற்றுக்காக உங்களைக் குற்றவாளியாகக் கருத வேண்டாம்.

வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அவர்கள் வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால் குழந்தை திரும்பிவரக் காத்திருக்கும். "தூங்குகிறார்" என்றால் தூங்கவே அஞ்சும்.

பிரிவுக்குப் பின்னும் 'இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ' என்ற எண்ணம் பலரை வாட்டுகிறது. பதினாறாம் நாளோடு துக்கம் முடிந்துவிடுவதில்லை. பல மாதங்கள் கடந்தும் உணவும் உறக்கமும் சீராகாமல், அன்றாட வேலையில் மனம் செல்லாமல் இருந்தால் எங்களிடம் வாருங்கள். கட்டணமில்லாத மனநல உதவி எண் 14416-ஐயும் எந்நேரமும் அழைக்கலாம். உயிரை விட்டுவிடத் தோன்றினால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது

ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதி எடுத்து வாருங்கள். இனி வரும் வாரங்களில் என்ன எதிர்பார்க்கலாம்? இரவில் வலியோ திணறலோ கூடினால் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது, எந்த எண்ணை அழைப்பது? இப்போது உண்ணும் மாத்திரைகளில் நிறுத்தக்கூடியவை எவை? வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் எப்போது வருவார்? நோயாளி எங்கே, யாருடன் இருக்க விரும்புகிறார்? முதல் நான்குக்கு விடை சொல்வது எங்கள் கடமை. ஐந்தாவதை அவரிடமே, அவர் நன்றாகப் பேசும் ஒரு பொழுதில், நீங்கள் கேட்டு வாருங்கள்.